ஒன்பதாவது வார்டுக்கு ஒலி திரும்பிய விதம்

2005ஆம் ஆண்டுப் புயல் வெள்ளத்தில் அழிந்து மீண்டும் கட்டப்பட்ட, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், இசைக்கலைஞர்களுக்கென்றே ஒரு கிராமம் எழுப்பப்பட்டது என்றும், அங்குள்ள வீடுகளே வாத்தியங்களாக ஒலிக்கும் என்றும் படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். இது உண்மைதானா, இப்படிக் கட்டிக்கொடுப்பதால் ஒரு குடியிருப்பின் இசை திரும்பிவிடுமா, நேரில் போனால் எதை எங்கே கேட்பது என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நீங்கள் படித்த செய்தியில் இரண்டு வெவ்வேறு இடங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. இசைக்கலைஞர்கள் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டது ‘மியூசிஷியன்ஸ் வில்லேஜ்’, அதாவது இசைஞர் கிராமம். வீடுகளே வாத்தியங்களாக இருப்பது ‘மியூசிக் பாக்ஸ் வில்லேஜ்’, அதாவது இசைப்பெட்டிக் கிராமம். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. இரண்டும் நகரின் ஒன்பதாவது வார்டில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்விதான் உண்மையில் பெரியது. வீடும் கூடமும் தேவைதான், ஆனால் அந்த வார்டின் இசை திரும்பியதா இல்லையா என்பது பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே, தெருவில், முடிவானது என்பதே என் கருத்து. அதை விளக்க முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது வார்டு மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்து வடக்கே பான்சர்ட்ரெய்ன் ஏரி வரை நீளும் பகுதி. ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆற்றங்கரை மேடாகவும், ஏரியை நோக்கிப் போகப்போகத் தரை பள்ளமாகவும் இருக்கும். 1923இல் திறக்கப்பட்ட இண்டஸ்ட்ரியல் கால்வாய் இந்த வார்டை இரண்டாக வெட்டியது. கால்வாய்க்கு மேற்கே மேல் ஒன்பதாவது வார்டு. கிழக்கே, உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த கீழ் ஒன்பதாவது வார்டு. நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்து சதுப்பு வற்றிய பிறகு, பள்ளமான இப்பகுதிகளில்தான் கறுப்பின உழைக்கும் குடும்பங்களுக்கு வாங்கக்கூடிய விலையில் மனை கிடைத்தது. கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர்களும் மேஸ்திரிகளும் பூச்சு வேலைக்காரர்களும் சொந்த வீடு கட்டிக்கொண்ட பகுதி இது. பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் டொமினோ 1928இல் பிறந்து வளர்ந்ததும், கோடிக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்ற பிறகும் விட்டுப்போகாமல் வாழ்ந்ததும் இந்தக் கீழ் ஒன்பதாவது வார்டில்தான். வெள்ளத்தில் அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து யாரோ அவர் வீட்டுச் சுவரிலேயே அஞ்சலி எழுதிவிட்டுப் போனார்கள். அவரோ அதற்குள் மீட்கப்பட்டிருந்தார்.

2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நகரத்தை அழித்தது காற்று அல்ல, கால்வாய்க் கரைச்சுவர்கள் உடைந்து புகுந்த நீர்தான் என்பதை எப்போதும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் மனிதர்கள், அவை பொறியியல் பிழையால் உடைந்தன. நகரின் சுமார் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,84,674ஆக இருந்த மக்கள்தொகை 2010இல் 3,43,829 ஆகியிருந்தது. ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. வெள்ளத்தில் போன டிராம்போன்களுக்கும் டிரம்களுக்கும் பதில் வாத்தியங்களை நல்லெண்ணம் கொண்டோர் வாங்கி அனுப்பினார்கள். ஆனால் அவற்றை வாசிப்பவர் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் வாடகை வீட்டில் இருந்தார். அவரோடு வாசிப்பவர் வேறொரு மாநிலத்தில் இருந்தார்.

இது ஏன் இவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்நகரத்து இசை எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் விளங்கும். நியூ ஆர்லியன்ஸின் தெரு இசைக்கு ஆதாரம் ‘சோஷியல் எய்ட் அண்ட் ப்ளெஷர் கிளப்’ என்று அழைக்கப்படும் குடியிருப்புச் சங்கங்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு, காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க மறுத்த கறுப்பின மக்கள் ஒருவருக்கொருவர் மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் பணம் சேர்த்துக்கொள்ள அமைத்த உதவிச் சங்கங்களின் வழிவந்தவை இவை. உறுப்பினர் இறந்தால் பித்தளை வாத்தியக் குழுவோடு ஊர்வலமாகக் கொண்டுசெல்வார்கள். கல்லறை வரை மெதுவான துதிப்பாடல், உடலை ஒப்படைத்த பின் துள்ளல் இசை. சாவுக்கு மேளம் கொட்டும் வழக்கம் அறிந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது. சாவு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு முறை தன் தெருக்கள் வழியாக நான்கு மணி நேரம் ஊர்வலம் நடத்தும். சங்கத்தாரும் வாத்தியக் குழுவும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டும் புட்டிகளைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டும் வரும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை, அதுதான் ‘செகண்ட் லைன்’; ஊர்வலத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இசையின் ஒலியமைப்பு முழுவதும் தெருவுக்காக உருவானது. தோளில் சுற்றிய பெரிய பித்தளைக் குழலான சூசஃபோனின் தாழ்ந்த நாதம் மூலைகளையும் சுவர்களையும் சுற்றி வளைந்து வரும். டிரம்பெட் காதில் விழுவதற்குச் சில தெருக்கள் முன்பே அது வீட்டுப் பலகையை அதிரவைத்துவிடும். பெரிய டிரம்மை அடிப்பவர் அதன் மேல் பொருத்திய ஜால்ராத் தட்டை, வளைத்த கம்பியாலோ திருப்புளியாலோ தட்டுவார். திறந்தவெளியில் அந்த உலோகச் சத்தம்தான் நடையின் வேகத்தைக் கடைசி ஆள் வரை கொண்டுபோகிறது. தெருவை ஒட்டி நெருக்கமாக நிற்கும் மெல்லிய மரச்சுவர் வீடுகள், அவற்றின் முன்திண்ணை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி, ஊர்வலம் அவருக்காக ஒரு நிமிடம் நிற்பது எல்லாம் சேர்ந்தே அந்த இசை. குழுவில் சேரும் பையன் முதலில் அதைக் கேட்பது தன் வீட்டுத் திண்ணையிலிருந்துதான். ஆகவே வசிப்பவர்களைச் சிதறடித்தால் இசைப்பள்ளி, மேடை, ரசிகர் மூன்றையும் ஒரே நாளில் சிதறடித்ததாகும்.

இப்போது இசைஞர் கிராமத்துக்கு வருவோம். நகரம் இன்னும் காலியாகக் கிடந்தபோதே, அவ்வூரில் பிறந்த பாடகரும் பியானோக் கலைஞருமான ஹாரி கானிக் ஜூனியரும் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸும், வீடற்றோருக்கு வீடு கட்டித்தரும் ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் உள்ளூர்க் கிளையுடன் சேர்ந்து இத்திட்டத்தை அறிவித்தார்கள். 2006இல், மேல் ஒன்பதாவது வார்டில் முன்பு ஒரு பள்ளி இருந்த நிலத்தில் வேலை தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து வந்த தன்னார்வலர்கள் ஆணி அடித்து எழுப்பிய 72 தனி வீடுகள், மஞ்சள், நீலம், செம்மை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில், தரையிலிருந்து உயர்த்திய தூண்கள் மேல் நிற்கின்றன. முதியவர்களுக்கான இரட்டை வீடுகளும் உண்டு. வீடு இலவசமன்று. வட்டியில்லாக் கடன், மாதத் தவணை, அதோடு 350 மணி நேரம் கட்டட வேலையில் கூலியின்றி உழைப்பது என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனையில்தான் முதல் சிக்கல் வந்தது. கிராமம் யாருக்காகத் திட்டமிடப்பட்டதோ அந்த இசைக்கலைஞர்களில் பலர் தொடக்கத்தில் தகுதி பெறவில்லை. இரவு விடுதியில் வாசித்துவிட்டுக் கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகிறவருக்கு வருமானச் சான்று எங்கிருந்து வரும்? அடக்கத்துக்கு வாசித்த கூலிக்கு யார் ரசீது தருவார்கள்? பழைய மருத்துவக் கடன் வேறு கடன் தகுதியைக் கெடுத்திருந்தது. இசைக்கலைஞர்களுக்கு வரிக்கணக்கு எழுதவும் கடனைச் சீர்செய்யவும் ஆள் வைத்து உதவிய பிறகே நிலைமை மாறியது. கிராமத்தில் இசைத்தொழிலில் இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன, அது குறையன்று. கேட்பவர் இல்லாத தெருவில் வாசிப்பவரை மட்டும் குடிவைத்து என்ன பயன்? ஃபேட்ஸ் டொமினோவுக்கு டிரம் வாசித்த ஸ்மோக்கி ஜான்சன் 2015இல் இறக்கும் வரை இங்கே வாழ்ந்தார். ப்ளூஸ் கிடார்க் கலைஞர் லிட்டில் ஃப்ரெடி கிங்கும் இங்கேதான் குடியேறினார். வாழ்நாள் முழுவதும் நகரத்துக்காக வாசித்த முதிய கலைஞர்களுக்கு முதன்முறையாகச் சொந்தக் கூரை கிடைத்தது என்ற ஒன்றுக்காகவே இத்திட்டத்தை நான் மதிக்கிறேன்.

கட்டுமானத்தில் குறைகளும் இருந்தன. அக்காலத்தில் அமெரிக்கா முழுவதும் இறக்குமதியான சீனச் சுவர்ப்பலகைகள் கந்தக வாயுவை வெளியிட்டு மின்கம்பிகளையும் குளிர்சாதனக் குழாய்களையும் அரித்தன. அந்தப் பலகைகள் இந்த அமைப்பு கட்டிய வீடுகளிலும் பொருத்தப்பட்டிருந்தன. பிரித்து மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. வெள்ளத்தில் ஒரு முறை வீட்டை இழந்தவர் புது வீட்டையும் காலிசெய்து வெளியே நின்ற காட்சி எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிராமத்தின் நடுவே 2011இல் திறக்கப்பட்டது எல்லிஸ் மார்சாலிஸ் இசை மையம். பிரான்ஃபர்ட், விண்டன் முதலிய இசைக்கலைஞர்களின் தந்தையான எல்லிஸ் மார்சாலிஸ், பியானோக் கலைஞர் என்பதைவிட ஆசிரியராகவே அந்நகரத்தை உருவாக்கியவர். ஹாரி கானிக்கும் அவரிடம் படித்தவர்தான். 170 இருக்கைகள் கொண்ட அரங்கம், ஒலிப்பதிவு வசதி, வகுப்பறைகள், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கணினி அறை ஆகியவை அதில் உள்ளன. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி, 85 வயதில், கொரோனா நோயால் எல்லிஸ் மறைந்தார். கூட்டம் கூடக்கூடாது என்ற காலமாதலால், எத்தனையோ பேரைத் தெருவில் இசையோடு வழியனுப்பிய நகரம் அவரை அப்படி அனுப்ப இயலவில்லை.

மற்ற இடமான இசைப்பெட்டிக் கிராமத்தின் கதை வேறு மாதிரியானது. அதே வார்டின் ஆற்றோரத்தில், மேடான பைவாட்டர் பகுதியில், பயட்டி தெருவில் ‘க்ரியோல் குடில்’ எனப்படும், அவ்வூரின் பழைய பாணிச் சிறு வீடு ஒன்று இருந்தது. அது இடிந்து விழுந்தது. டிலேனி மார்ட்டின், ஜே பென்னிங்டன் ஆகியோர் நடத்திய நியூ ஆர்லியன்ஸ் ஏர்லிஃப்ட் என்ற கலைக்குழு, ஸ்வூன் என்ற பெயரில் அறியப்படும் ஓவியருடன் சேர்ந்து, அந்த இடிபாட்டு மரங்களைக் கொண்டே 2011இல் சிறுசிறு குடிசைகளை எழுப்பியது. ஒவ்வொரு குடிசையும் ஒரு வாத்தியம். ஒன்றில் தரைப்பலகையை மிதித்தால் அது முனகும், அந்த முனகல் ஒலிபெருக்கியில் வரும். இன்னொன்றில் நெஞ்சில் வைக்கும் ஸ்டெதஸ்கோப் உங்கள் இதயத்துடிப்பை வாங்கிக் குடிசை முழுவதும் அதிரவைக்கும். குவின்ட்ரான் என்ற உள்ளூர்க் கலைஞர் செய்தது காற்றும் மழையும் வெயிலும் இயக்கும் மின்னொலிக் கருவி. வானிலை மாறினால் அதன் சுருதியும் மாறும். புயலால் அழிந்த ஊரில் வானிலையையே பாடவைத்த அந்தக் கருவிதான் இம்முயற்சியிலேயே ஆழமானது என்று நினைக்கிறேன்.

முதல் ஆண்டு முடிந்ததும் அந்தக் குடிசைகள் பிரிக்கப்பட்டன. இடம் மாறி மாறிப் பயணித்த பிறகு, 2016இல் இண்டஸ்ட்ரியல் கால்வாய் ஓரத்தில், நார்த் ராம்பார்ட் தெருவில், முன்பு உலோகப் பட்டறையாக இருந்த வளாகத்தில் இக்கிராமம் நிலையாகக் குடியேறியது. இப்போது அங்கே பெரியதும் சிறியதுமாகப் பல ஒலிவீடுகள் உள்ளன. மேடைக்கச்சேரி நாட்களில் புகழ்பெற்ற கலைஞர்கள் வந்து வாசிக்கிறார்கள், மற்ற நாட்களில் குழந்தைகள் ஓடியாடித் தட்டிப் பார்க்கிறார்கள். கச்சேரி நடத்தும் முறை கவனிக்கத்தக்கது. இந்த வாத்தியங்களுக்கு முன்பயிற்சி என்று எதுவும் கிடையாது. முப்பது ஆண்டு டிரம்பெட் வாசித்தவரும் நேற்று வந்தவரும் கதவின் கீலைத் திருகி ஒலியெழுப்பும்போது ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். எழுதிய இசைக்குறிப்புப் பயன்படாது. ஆகவே நடுமுற்றத்தில் நிற்பவர் கைச்சாடையால் ஒவ்வொரு வீட்டையும் எழுப்பியும் அடக்கியும் கச்சேரியை நடத்துவார். யாரும் யாரையும் முந்தாமல், அடுத்த வீட்டின் ஒலிக்கு இடம்விட்டு வாசித்தால்தான் அது இசையாகும், இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்.

நியாயமாகச் சொல்வதானால் இங்கே ஒரு சங்கடமும் உண்டு. பைவாட்டர் மேட்டுநிலம் என்பதால் வெள்ளம் அதிகம் தீண்டவில்லை. அதனாலேயே புயலுக்குப் பின் வசதியுள்ள புதியவர்கள் அங்கே வீடு வாங்கினார்கள், வாடகை ஏறியது. 2000இல் பாதிக்கு மேல் இருந்த கறுப்பின மக்களின் பங்கு 2010இல் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. இதற்குக் கலைக்குழுவைக் குற்றம் சொல்வது சரியன்று. அவர்கள் உள்ளூர்ப் பித்தளைக் குழுக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் தொடர்ந்து உள்ளே அழைத்திருக்கிறார்கள். ஆனாலும் பழைய குடிகள் வெளியேறிக்கொண்டிருந்த தெருவில், இடிந்த பழைய வீட்டின் மரம் கலைப்பொருளாக ஒலித்தது என்பதை மறந்துவிட்டு அந்த இடத்தைப் பாராட்ட என்னால் முடியவில்லை. அதை மறக்காமல் கேட்டால் அந்த ஒலி இன்னும் கனமாகிறது.

வீடு திரும்புவதைத் தடுத்த பெரிய காரணங்கள் கலைஞர்களின் கையில் இல்லை. மறுகட்டமைப்புக்கான அரசு உதவித் திட்டமான ‘ரோடு ஹோம்’, வீட்டைக் கட்ட ஆகும் செலவு, புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதையே கணக்கில் எடுத்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் அதே அளவு வீட்டுக்குச் சந்தை மதிப்பு குறைவு. ஆகவே சிமெண்டும் மரமும் ஒரே விலையாக இருந்தும் உதவித்தொகை குறைந்தது. 2008இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2011இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. இதற்கிடையில் 2007 டிசம்பரில் நகர மன்றம், லஃபீட் முதலான நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,500 வீடுகளை இடிக்க ஒப்புதல் அளித்தது. 72 வீடுகள் எழும்பியதைப் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனித் தெருவுக்கு வருகிறேன். 2006 ஜனவரியில், சிதறிக் கிடந்த முப்பதுக்கும் மேற்பட்ட சங்கங்களின் உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து கூடி, நாங்கள் திரும்புவோம் என்று அறிவிப்பதுபோல் ஒரு மாபெரும் ஊர்வலம் நடத்தினார்கள். அதன் முடிவில் துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் காயமடைந்தனர். அதைக் காரணம் காட்டிக் காவல்துறை ஊர்வல அனுமதிக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. வீட்டுக் கூரையையே இன்னும் போடாத தொழிலாளர்களின் சங்கத்துக்கு அது கட்ட முடியாத தொகை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள்; பண்பாட்டு உரிமையும் பேச்சுரிமையும் பறிக்கப்படுகின்றன என்பது வாதம். 2007இல் கட்டணம் குறைக்கப்பட்டு வழக்கு முடிந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இரவு, பழைய கறுப்பினக் குடியிருப்பான ட்ரெமேயில், இறந்துபோன சூசஃபோன் கலைஞர் கெர்வின் ஜேம்ஸுக்காகத் தோழர்கள் தெருவில் துதிப்பாடல் வாசித்துக்கொண்டு போனார்கள். இறந்தவருக்காக அடக்கம் வரை ஒவ்வொரு மாலையும் இப்படி வாசிப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம். ஏராளமான காவல் வண்டிகள் வந்து சூழ்ந்தன. அனுமதியின்றி ஊர்வலம், அமைதிக்குக் குந்தகம் என்று சொல்லி, டிராம்போன் கலைஞர் க்ளென் டேவிட் ஆண்ட்ரூஸும் டிரம் கலைஞர் டெரிக் டாப்பும் கைதானார்கள். புகார் செய்தவர்கள் யார் என்று ஊரார் பேசிக்கொண்டது உங்களுக்கே ஊகிக்க முடியும்: புயலுக்குப் பின் அந்த இசைப் பெருமையை விரும்பி விலைகொடுத்துக் குடிவந்து, இரவில் தூங்க விரும்பியவர்கள். ஒரே ஒலி, பழைய குடிகளுக்கு இரங்கல், புதியவர்களுக்கு இரைச்சல்.

இந்த மோதல் தொடர்ந்தது. 2010இல் போர்பன் தெருவும் கனால் தெருவும் சந்திக்கும் முனையில் வாசித்துவந்த இளைஞர் குழுவுக்கு, இரவு எட்டு மணிக்குப் பின் தெருவில் வாசிக்கக் கூடாது என்ற பழைய விதியைக் காட்டிக் காவல்துறை தாளில் கையெழுத்துக் கேட்டது. 2014 ஜனவரியில் ஒலிக்கட்டுப்பாட்டுச் சட்டத் திருத்தம் ஒன்று முன்மொழியப்பட்டபோது, இசைக்கலைஞர்கள் வாத்தியங்களோடு நகர மன்றத்துக்குள்ளேயே ஊர்வலமாகப் போனார்கள், முன்மொழிவு பின்வாங்கப்பட்டது. ஒலிக்கலை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் கலைக்கூடத்தில் வைத்த கருவிகளுக்கே பயன்படுத்துகிறோம். டெசிபல் அளவுகோலை யார் எங்கே பிடிப்பது, வாசலிலா படுக்கையறையிலா, தாழ்ந்த நாதத்தைத் தனியாக அளப்பதா வேண்டாமா என்று அந்நகரத்தார் சபையில் வாதாடியதையும் நான் அதே கலையின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன். சூசஃபோன் ஒலி அந்தத் தெருவுக்கு உரியதா இல்லையா என்பது அங்கே முடிவாகிறது.

கைதான டெரிக் டாப் அடுத்து என்ன செய்தார் என்பதுதான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெள்ளத்துக்குப் பின் நகரப் பள்ளிகள் மாநில அரசின் கைக்குப் போய், 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிழந்தனர். அவர்களுள் வாத்தியக் குழு ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒரு சூசஃபோன் விலை ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம். பள்ளியில் அது இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளை அதைத் தொடவே வழியில்லை. ஒரு தலைமுறை வாசிப்பாளர்களே இல்லாமல் போய்விடும் ஆபத்து கண்முன் நின்றது. டாப் 2008இல் ‘ரூட்ஸ் ஆஃப் மியூசிக்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் பேருந்து வந்து அழைத்துப் போகும். முதலில் பாடம் சொல்லித்தருவார்கள், பிறகு வாத்தியப் பயிற்சி, பிறகு சூடான சாப்பாடு, பிறகு வீடு வரை பேருந்து. எதற்கும் கட்டணம் கிடையாது. பேருந்தும் சாப்பாடும் இசைக்கு வெளியே உள்ளவை என்று தோன்றும். ஆனால் தாய் இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை மாலை முழுவதும் டிரம்பெட் பழக வேண்டுமானால் இவை இரண்டும்தான் முதலில் வேண்டும் என்பது அந்தத் தெருவிலேயே வளர்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. 2013 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் ரோஜா அணிவகுப்பில் அந்தப் பிள்ளைகள் வாசித்தபடி நடந்தார்கள்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதிலை இப்படி வைக்கிறேன். இசைஞர் கிராமம் சிலரைத் திரும்ப அழைத்துவந்தது. இசைப்பெட்டிக் கிராமம் இடிபாட்டைக் கேட்கும் காதைத் தந்தது. வார்டின் இசையைத் தெருவில் நிலைநிறுத்தியவர்கள் அனுமதிக் கட்டணத்துக்கு எதிராக வழக்குப் போட்ட சங்கத்தாரும், பிள்ளைகளுக்குப் பேருந்து விட்டவர்களும்தான். இன்னும் சிலரை நான் இங்கே பெயர் சொல்லாமல் விட முடியாது. கீழ் ஒன்பதாவது வார்டில் டுபெலோ தெருவில் தன் வீட்டுக் கொல்லையிலேயே ‘ஹவுஸ் ஆஃப் டான்ஸ் அண்ட் ஃபெதர்ஸ்’ என்ற சிறு அருங்காட்சியகத்தை வெள்ளத்துக்குப் பின் மீண்டும் எழுப்பி, சங்கங்களின் விசிறிகளையும் பட்டைகளையும் இறகு உடைகளையும் காத்துவந்த ரொனால்ட் லூயிஸ் அவர்களில் முதன்மையானவர். அவரும் 2020இல் கொரோனாவுக்கு இரையானார்.

நேரில் கேட்பதைப் பற்றி. செகண்ட் லைன் ஊர்வலங்கள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜூன் வரை, பெரும்பாலும் ஒவ்வொரு ஞாயிறு மதியமும் நடக்கும். கடும் கோடையில் இல்லை. எந்தச் சங்கம் எந்த வழியாக எங்கெங்கே நின்று போகிறது என்பதை டபிள்யூடபிள்யூஓஇசட் என்ற உள்ளூர் வானொலி அறிவிக்கும். அழைப்பிதழ் எதுவும் தேவையில்லை. ஆனால் சங்கத்தாரைச் சுற்றிப் பிடித்திருக்கும் கயிற்றுக்குள் படமெடுக்கப் புகாதீர்கள், பின்னால் இருப்பதுதான் உங்கள் இடம். சாவு ஊர்வலமாக இருந்தால் குடும்பத்தார் அனுமதிக்கும் வரை கேமராவை எடுக்காமலிருப்பதே மரியாதை. எல்லிஸ் மார்சாலிஸ் மையத்திலும் இசைப்பெட்டிக் கிராமத்திலும் நிகழ்ச்சி நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டும் எல்லா நாளும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை அல்ல.

ஊர்வலம் க்ளெய்போர்ன் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் போகும்படி அமைந்தால் கட்டாயம் அங்கே வரை கூடவே நடந்து செல்லுங்கள். 1960களில் அந்தப் பாலத்துக்காக, கறுப்பின மக்களின் கடைவீதியாக இருந்த அகன்ற சாலையின் ஓக் மரங்களை நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ளினார்கள். நிழலைப் பறித்த அந்தக் கான்கிரீட்டின் அடியில் ஒலி நன்றாக எதிரொலிக்கும் என்று கண்டுகொண்ட வாத்தியக்காரர்கள், அங்கே வந்ததும் நடையைக் குறைத்து, இருப்பதிலேயே உரத்த பாட்டை எடுப்பார்கள். சூசஃபோனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.